சீகிரியா ஓவியமும் அச்சுப்படத்தின் நிறமும்



சித்திரப் பாட ஒப்படைக்காக சீகிரியா ஓவியமொன்றைக் கணினித் திரையில் பார்த்து அச்சிடுகிறீர்கள். திரையில் பொன்னிறமாகத் தெரிந்த மேனி தாளில் கபில நிறமாக இருண்டு விடுகிறது. இதற்கான காரணத்தையும் தீர்வையும் விளங்கிக் கொள்வோம்.

நிறம் ஏன் முக்கியம்?

மாத்தளை மாவட்டத்தின் சீகிரியாச் சுவரோவியங்கள் முதலாம் காசியப்பன் (கி.பி. 477–495) காலத்தவை. 1896–97 இல் டி. ஏ. எல். பெரேரா என்ற ஓவியர் குன்றிலேயே இருந்து இவற்றைப் பிரதி செய்தார். அதனால் மூலத்தையும் பிரதியையும் அருகருகே ஒப்பிட அவரால் முடிந்தது. 1967 ஒக்டோபரில் விஷமிகள் ஓவியங்கள் மீது பச்சை வர்ணம் பூசிச் சிதைத்தனர். இவ்வாறான அழிவு நேரும்போது நிறம் மாறாத பிரதியே சான்றாகிறது. பிழையான நிறத்தில் அச்சிட்ட படம் பிழையான சான்றாகும்.

1. திரையும் தாளும்

திரை தானே ஒளியை வெளிவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் சேர்ந்து ஏனைய நிறங்களைத் தருகின்றன. தாளோ ஒளியை வெளிவிடுவதில்லை. சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் தம்மீது விழும் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்ச, எஞ்சியது தெறித்து நம் கண்ணை அடைகிறது. ஆகவே திரையில் தெரியும் சில பிரகாசமான நிறங்களை மையினால் பெறவே முடியாது.

2. திரையின் அளவுத்திருத்தம்

முதலில் திரையைச் சரிசெய்ய வேண்டும். நிறமளக்கும் கருவியைத் திரைமீது வைத்து, வெள்ளை நிறத்தையும் பிரகாசத்தையும் நியம அளவுக்குக் கொண்டு வருவர். வெள்ளை நிறம் பெரும்பாலும் 6500 கெல்வினில் வைக்கப்படும். பிரகாசம் மிகையான திரையைப் பார்த்துப் படத்தைத் திருத்தினால் அச்சு இருண்டே வரும்.

3. கலர் புரொபைல்

ஒரே நிற எண்களை வெவ்வேறு சாதனங்கள் வெவ்வேறு நிறமாகக் காட்டும். ஒரு சாதனத்தில் எந்த எண் எந்த உண்மை நிறத்தைத் தரும் என்று கூறும் கோப்பே கலர் புரொபைல். இது மொழிபெயர்ப்பாளர் போன்றது. இதற்கான பொது நியமத்தை உருவாக்கும் சர்வதேச நிறக் கூட்டமைப்பு 1993 இல் தோன்றியது. மென்பொருள் படத்தின் எண்களை உண்மை நிறமாக மாற்றி, அதற்கேற்ற மை அளவைக் கணிக்கிறது. தாளை மாற்றினால் புரொபைலையும் மாற்ற வேண்டும்.

நினைவில் கொள்க

• அளவுத்திருத்தம் சாதனத்தை நியம நிலைக்குக் கொண்டுவரும். புரொபைல் அதன் நிற இயல்பை விவரிக்கும்.
• அச்சுப்படத்தை நல்ல வெள்ளொளியில் ஒப்பிடுக. மஞ்சள் மின்குமிழின் கீழ் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்.
• படம் பிடித்தபோதே நிறம் பிழைத்திருந்தால் புரொபைல் அதைத் திருத்தாது.

பயிற்சி வினா

திரையை அளவுத்திருத்தம் செய்த பின்னரும் அச்சின் நிறம் வேறுபட்டது. இரு காரணங்கள் தருக.

விடை: தாளுக்குப் பொருந்தாத புரொபைலைத் தெரிவு செய்தமை, அந்நிறம் மையினால் பெறக்கூடிய எல்லைக்கு அப்பாற்பட்டமை.