மே மாதம் சாவி யாரிடம்?

பள்ளிக்கூடக் காய்கறித் தோட்டத்தை ஆகஸ்டில் போய்ப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆடியில் போட்ட வெண்டை பூத்திருக்கும், பந்தலில் புடலை தொங்கும், போட்டோவும் நன்றாக விழும். அக்னி நட்சத்திரத்தில் போக வேண்டும். நான் போனேன். கேட்டில் பூட்டு. கம்பி வழியே எட்டிப் பார்த்தால் வெடித்த மண்ணும், 'தக்காளி' என்று பிள்ளைகள் எழுதி நட்ட அட்டையும்தான்.

1978-ல் ஆஸ்திரேலியாவின் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் புத்தகமாகத் தந்த பெர்மாகல்ச்சர் என்ற வேளாண் முறைக்குப் பெயரிலேயே நிரந்தரம் இருக்கிறது. இங்கே பள்ளித் தோட்டமோ ஜூனில் பிறந்து ஏப்ரலில் செத்துப்போகிறது.

வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. நட்டது தப்பு. தக்காளியும் கத்தரியும் தினம் தண்ணீர் கேட்கிற பிள்ளைகள். வேலியோரம் முருங்கைப் போத்து, அகத்தி, கறிவேப்பிலை, சுண்டை என்று வேர் பிடித்தபின் வருஷக்கணக்கில் நிற்பவற்றை முதலில் வையுங்கள். வெண்டையும் கீரையும் அவற்றுக்கு நடுவே வந்து போகட்டும்.

அடுத்தது குழாயடி. ஒரு பிள்ளை தட்டு கழுவ ஒரு லிட்டர் என்றாலும் 100 பேருக்கு தினம் 100 லிட்டர், சும்மா சாக்கடைக்குப் போகிறது. அங்கே ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் வட்டக்குழி வெட்டி, தோண்டிய மண்ணை விளிம்பில் கரையாகக் கட்டி, அதில் வாழையும் பப்பாளியும் வைக்கலாம். குழிக்குள் கிளை, தழை, சருகு. சருகுக்கு அலைய வேண்டாம். காலையில் வேப்பமரத்தடியைப் பெருக்கி மூலையில் கொளுத்துகிறோமே, அதேதான்! மிச்சத்தைப் பாத்தியில் அரையடி மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், மண்புழு தானாக வரும்.

தோட்டத்தால் படிப்பு கெடும் என்பவர்களும் உண்டு. வாரம் ஒரு பீரியடில் என்ன கெட்டுவிடும்?

என் கவலை வேறு. லீவு விட்டால் தட்டும் கழுவ மாட்டார்கள், அந்த 100 லிட்டரும் நின்றுபோகும். ஏப்ரல் கடைசியில் குழியைச் சருகால் கோபுரமாக நிரப்பி நன்றாக நனைத்து வைத்தாலும் சில வாரம்தான் தாங்கும். பிறகு மனிதக் கை வேண்டும். அதுவும் முருங்கை காய்க்கிற கோடையில்!

பள்ளிக்குப் பின்தெருவில் ஆயாம்மா ஒருவர் நிச்சயம் இருப்பார். சாவியை அவரிடம் கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கூலி? ஜூன் வரை காய்க்கிற முருங்கை, பழுக்கிற பப்பாளி எல்லாம் அவருக்கே.