மைசூரில் சிறு கடைகள் பிழைக்க வழி என்ன?

மைசூரில் வாழும் தமிழர்களில் தேவராஜா மார்க்கெட்டை அறியாதவர் இருக்க முடியாது. ஒரு பக்கம் சயாஜிராவ் ரோடு, மறு பக்கம் தன்வந்திரி ரோடு, தெற்கே சின்ன கடியாரம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நகரத்தின் பூ, காய், கனி, குங்குமம், ஊதுவத்தி எல்லாம் அங்கேதான் கைமாறுகின்றன. மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளெ வாழை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியவை.

ஆனால் பொருளுக்குக் கிடைத்த பெருமை அதை விற்பவரின் வயிற்றை நிரப்புவதில்லை. கடந்த சில ஆண்டுகளில் மைசூரின் சிறு வியாபாரிகள் பட்ட அடிகள் ஒன்றிரண்டல்ல.

அடி மேல் அடி

2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் உயிரிழந்தனர். அங்கே கடை வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் வடக்குப் பகுதி சரிந்தது. கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதைச் செப்பனிடுவதா என்ற தகராறு நீதிமன்றம் வரை சென்றது. நாளை நம் கடை எங்கே இருக்கும் என்று தெரியாமலேயே வியாபாரிகள் தினமும் கடை திறந்தார்கள்.

அதே 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை, கோயில் இல்லை, கல்யாணமும் இல்லை. பிறகு பூவை யார் வாங்குவார்கள்? 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தசரா ஜம்பு சவாரி அரண்மனை வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. ஆண்டு முழுவதும் விழுந்த துண்டை தசராப் பத்து நாளில் அடைக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அது எத்தகைய இடி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தினவட்டிக் கணக்கு

கெட்ட காலத்தில் சிறு வியாபாரியை அதிகம் வாட்டுவது வியாபாரம் குறைவது மட்டுமல்ல, கைமுதல் கரைந்துபோவதும்தான். கையில் முதல் இல்லாதவர் தினவட்டிக்காரரிடம் போகிறார். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 ரூபாய், மாதத்துக்கு 3,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. சரக்கு அழுகலாம், வட்டி அழுகாது!

இதற்கு மாற்றாக 2020 ஜூன் 1-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கியதுதான் 'பி.எம். ஸ்வநிதி' திட்டம். தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு எதுவும் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் இத்திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. முதல் கடன் 15,000 ரூபாய் வரை. அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000. அதன் பின் 50,000. தவணை தவறாதவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு.

வங்கி வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 15,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 1,800 ரூபாய்க்கு மேல் போகாது. மேலே சொன்ன தினவட்டியில் அது 18 நாள் கணக்கு!

சென்னை காட்டிய வழி

சிறு வியாபாரிக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வராது என்பது பழைய எண்ணம். அதை மாற்றிக் காட்டியவர் சென்னையில் ஜெயா அருணாசலம். 1978-ல் அவர் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பு, பூ, காய்கறி விற்கும் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தது. ஒருவர் வாங்கும் கடனுக்குக் குழுவே பொறுப்பு. தனியாகப் போனால் கதவு திறக்காத வங்கி, குழுவாகப் போனபோது திறந்தது. மைசூரில் ஒரே வரிசையில் கூடை வைத்து விற்கும் பத்துப் பெண்கள் இதை ஏன் செய்யக்கூடாது?

சட்டம் பக்கத்தில் இருக்கிறது

தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-ல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கே. அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இச்சட்டம் நடைபாதையில் விற்பவர்களுக்கானது. மார்க்கெட்டுக்குள் வாடகைக் கடை வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

க்யூ.ஆர். அட்டை அச்சம்

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவை வைத்து சிறு கடைக்காரர் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பலர் பயந்துபோய்க் க்யூ.ஆர். அட்டையையே எடுத்துவிட்டார்கள். பால், காய்கறி, பழம் போன்ற வரியில்லாப் பொருள்களை விற்றவர்களிடம் பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று முதலமைச்சர் சித்தராமையா அந்த மாதமே அறிவித்தார்.

விதி இதுதான்: பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. தினம் 2,000 ரூபாய்க்கு விற்பவருக்கு ஆண்டு முழுவதும் கடை திறந்தாலும் 7 லட்சத்து 30 ஆயிரம்தான் ஆகும். அவர் அஞ்ச வேண்டியதில்லை. தினசரி வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். வங்கிக் கடன் கேட்கும்போதும் அந்த நோட்டு கை கொடுக்கும்.

நாம் செய்யக்கூடியது

மாதச் சம்பளக்காரர்களும் தொழிலாளர்களும் பெருந்தொகை கொடுத்து உதவ இயலாது. ஆனாலும் செய்யக்கூடியவை பல.

முதலாவது, பாக்கியைத் தீர்ப்பது. சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் நம் வீட்டு அடுப்பு எரிய அரிசியும் பருப்பும் கடனாகத் தந்தது மூலை மளிகைக் கடைதான். அந்தக் கடை நோட்டில் நம் பெயருக்கு எதிரே நிற்கும் தொகை, அவருடைய அடுத்த மூட்டைக்கான முதல். சம்பள நாளன்று முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, பேனாவைக் கொடுத்து உதவுவது. கடன் விண்ணப்பம், மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதம், ஆதாருடன் கைப்பேசி எண் இணைப்பு — இவற்றில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். கன்னடம் பேசுவார்கள், படிக்க வராது. நாள் முழுதும் படிவம் நிரப்பும் குமாஸ்தாவுக்கு இது அரை மணி நேர வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கங்கள் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் எத்தனையோ குடும்பங்கள் தினவட்டியிலிருந்து மீளும். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான்.

மூன்றாவது, பில்லைத் தூங்க விடாமல் இருப்பது. உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழில் செய்பவருக்கும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். மேஜை மேல் கிடக்கும் பில்லுக்குப் பின்னால் ஒரு குடும்பம் காத்திருப்பதை அலுவலக ஊழியர்கள் மறக்கலாகாது.

நான்காவது, விழாக்களுக்கு முன்பணம் கொடுத்துச் சொல்லி வைப்பது. ஆயுத பூஜைப் பூவுக்கும் பொரிக்கும் ஒரு வாரம் முன்பே பாதித் தொகை கொடுத்தால், வியாபாரி வட்டிக்கு வாங்காமல் சரக்கு எடுக்க முடியும். பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, முழம் பூவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்.

இவற்றில் எதற்கும் அரசு உத்தரவு தேவையில்லை. இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்கலாம்.