லீவர் கெட்டியாக இருந்தால் பிரேக் பிடிக்குமா?

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்வெளிச் சாலைகளில் மட்டுமே சைக்கிள் மிதிப்பவருக்கு பிரேக் பெரிய கவலையில்லை. பெடலை நிறுத்தினாலே வண்டி பாதி அடங்கிவிடும். தக்கலையைத் தாண்டி மார்த்தாண்டம் போனாலோ, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்கு ஏறினாலோ கதை வேறு. சாலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு, வளைவு தாண்டியதும் ஆள் இறக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பஸ். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இன்னொரு சங்கடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, பணகுடிப் பக்கம் போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளும். போதாக்குறைக்கு இது இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். இப்படிப்பட்ட சாலைகளுக்கு வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக் வாங்குகிறவர்களும், பழைய கியர் சைக்கிளில் அந்த ஹேண்டிலை மாட்டிக்கொள்கிறவர்களும், பிரேக் விஷயத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள். லீவரைத் தனியாகவும் பிரேக்கைத் தனியாகவும் வாங்குகிறார்கள்.

கடையில் நடக்கும் பரிசோதனையே தவறுக்குத் துணைபோகிறது. வண்டியை நிறுத்திவைத்து லீவரை ஒரு பிடி பிடித்துப் பார்க்கிறோம். கல் மாதிரி கெட்டியாக நின்றால் "நல்ல பிரேக்" என்கிறோம். சற்று மெத்தென்று உள்ளே போனால் முகம் சுளித்து, ஒயரை இழுத்துக் கட்டச் சொல்கிறோம். நிற்கிற வண்டியில் கைக்குத் தெரிகிற இந்தக் கெட்டித்தனம், ஓடுகிற வண்டியை நிறுத்தும் பலத்துக்கு அத்தாட்சி ஆகாது. பல நேரம் அதற்கு நேர்மாறான செய்தியைத்தான் சொல்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்குதான்.

கடப்பாரையால் கல்லைப் புரட்டும்போது கை ஒரு முழம் இறங்கினால் கல் ஒரு விரற்கடைதான் எழும்பும். தூரத்தைக் கொடுத்துத்தான் பலத்தை வாங்க முடியும். பிரேக்கில் இந்த நெம்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று லீவரில், மற்றது ரிம்முக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கில். லீவரின் அச்சாணியிலிருந்து ஒயரின் குண்டு உட்காரும் இடம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு நீளம் ஒயரை இழுக்கும். ஆனால் அந்த அளவுக்கு இழுக்கும் பலம் குறையும். பிரேக்கிலோ, கை நீளமாக இருந்தால் கட்டையை அழுத்தும் பலம் கூடும். அதற்கு ஒயர் நிறைய வர வேண்டும். ஆக, ஒயரைக் குறைவாக இழுக்கும் லீவருக்கு, குறைந்த ஒயரில் வேலை முடிக்கும் பிரேக் வேண்டும். ஒயரை நிறைய இழுக்கும் லீவருக்கு, அத்தனையையும் வாங்கிக்கொள்ளும் பிரேக் வேண்டும்.

இதை அளவில் பார்க்கலாம். மலைச்சாலை சைக்கிள்களில் வரும் வி பிரேக்கை எடுத்துக்கொள்வோம். 1996-இல் ஷிமானோ கொண்டுவந்து உலகமெங்கும் பரவிய வகை இது. ஃபோர்க்கின் இரு கால்களிலும் திருகிய இரண்டு நீளக் கைகள். தலைப்பில் ஒயர் குறுக்கே ஓடும். திருகாணியிலிருந்து கட்டை சுமார் 25 மில்லிமீட்டரிலும், ஒயர் சுமார் 100 மில்லிமீட்டரிலும் இருப்பதாக வைத்தால், நெம்பு நான்குக்கு ஒன்று. கட்டைக்கும் ரிம்முக்கும் இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி என்றால், ஒவ்வொரு கையின் தலைப்பும் 6 மில்லிமீட்டர் நகர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 12 மில்லிமீட்டர் ஒயர் வந்த பிறகுதான் கட்டை ரிம்மைத் தொடவே செய்யும். ரோடு பைக்கில் நடு போல்ட்டில் மாட்டுகிற கேலிப்பர் பிரேக்கிலோ நெம்பு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. இப்போது வரும் இரட்டை அச்சு வகையில் அதைவிடச் சற்றுக் கூடுதல். அதே இடைவெளியை மூடச் சில மில்லிமீட்டர் ஒயர் போதும். வளைந்த ஹேண்டிலுக்கான சாலை லீவர், வி பிரேக்குக்கென்று செய்த லீவர் இழுக்கும் ஒயரில் ஏறத்தாழ பாதியைத்தான் இழுக்கும். அதனால் கை கொடுக்கும் விசையை ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருக்கியும் தரும்.

இந்த இரண்டையும் மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? நேர் ஹேண்டிலில் இருக்கும் வி லீவரோடு கேலிப்பர் பிரேக்கைச் சேர்த்தால், லீவர் ஒரு விரல் நகர்வதற்குள் கட்டை ரிம்மில் போய் முட்டி நிற்கும். கைக்குக் கருங்கல் போலக் கெட்டி. கடையில் எல்லாரும் மெச்சுவார்கள். ஆனால் ரிம்மில் விழும் அழுத்தம் சரியான ஜோடியில் இருப்பதில் பாதிதான். திருவட்டார் இறக்கத்தில் நான்கு விரலும் வெளுக்கப் பிடித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். மறுபக்கம், சாலை லீவரோடு வி பிரேக்கைச் சேர்த்தால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கட்டை தொட்டுவிட்டால் பிடி அசுரத்தனமாக இருக்கும், முன் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளவும் கூடும். இரண்டு கோளாறுகளில் முதலாவதே அதிகம் ஏமாற்றுவது என்பது என் கருத்து. மெத்தென்ற லீவரையாவது ஓட்டுகிறவர் சந்தேகப்படுகிறார்; கெட்டியான லீவரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் நியாயமாகவே வரும். "எத்தனையோ பேர் சாலை லீவரில் வி பிரேக் மாட்டி ஓட்டுகிறார்களே, நன்றாகத்தானே பிடிக்கிறது?" பிடிக்கும், உண்மை. கட்டையை ரிம்முக்கு முடியளவு நெருக்கிவைத்தால் போதிய ஒயர் இல்லாத குறை மறைந்துவிடும். ஆனால் அப்படி நெருக்க, சக்கரத்தில் துளியும் கோட்டம் இருக்கக் கூடாது. ஒரு குழியில் விழுந்து கோட்டம் விழுந்தால் கட்டை உரசத் தொடங்கும். உடனே ஒயரைத் தளர்த்துவோம். தளர்த்தியதும் லீவர் ஹேண்டிலைத் தொடும். மழைக்காலத்தில் சாலை மணலும் சேறும் ரிம்மில் ஒட்டி, கட்டை வெகுவேகமாகத் தேயும். மலையேறும்போது போதுமாக இருந்த ஒயர், மழையில் நனைந்தபடி இறங்கி முடிப்பதற்குள் போதாமல் போகலாம். மாட்டிய அன்று பிடிப்பது மட்டும் பிரேக்குக்குப் போதாது. கட்டை பாதி தேய்ந்த பிறகும், ரிம் நனைந்த பிறகும் பிடிக்க வேண்டும்.

மெக்கானிக்கைக் குறை சொல்வதும் சரியில்லை. நம் ஊர்க் கடைகளின் கைப்பழக்கம் ராடு பிரேக் காலத்தில் உருவானது. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளிலிருந்து வந்த பெரிய கறுப்பு சைக்கிள்களில் லீவர், கம்பி, ரிம்மின் உள்விளிம்பை மேலே இழுத்துப் பிடிக்கும் கட்டை எல்லாம் ஒரே செட்டாக வந்தன. எந்த லீவருக்கு எந்தப் பிரேக் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. ஒயர் வந்த பிறகுதான் எதை எதோடும் கட்டலாம் என்றாயிற்று. ஒயர் எல்லாவற்றோடும் பேசாமல் இணங்கிப் போய்விடும், அதுதான் தொல்லை.

ஒரே கம்பெனிப் பொருள் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் முழுக்கச் சரியல்ல. ஷிமானோ 2008-இல் டியூரா ஏஸ் 7900 வரிசையைக் கொண்டுவந்தபோது லீவர் இழுக்கும் ஒயரின் அளவைக் கூட்டி, அதற்கேற்ப கேலிப்பரின் நெம்பையும் கூட்டியது. பிறகு அல்ட்டெக்ரா, 105 என்று கீழ் வரிசைகளுக்கும் அது இறங்கியது. இந்தப் புதிய லீவரைப் பழைய கேலிப்பரோடு மாட்டினால் பிடி குறையும். பழைய லீவரைப் புதிய கேலிப்பரோடு மாட்டினால் பிடி கூடும், லீவர் அதிகம் உள்ளே போகும். இரண்டும் சாலைப் பொருள்தான், இரண்டிலும் ஒரே பெயர்தான். பழைய சைக்கிளுக்கு செகண்ட் ஹேண்ட் லீவர் தேடுகிறவர் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், உடம்பில் பொறித்திருக்கும் மாடல் எண்ணையும் பார்க்க வேண்டும்.

இழுப்பு பொருந்தினாலும் எட்டும் தூரம் பொருந்த வேண்டும். கேலிப்பர் மாட்டும் துளையின் நடுவிலிருந்து ரிம்மின் பக்கச்சுவர் நடுவரை ஸ்கேல் வைத்து அளந்தால் ஓர் எண் கிடைக்கும். பந்தய சைக்கிள் கேலிப்பர்கள் 39 முதல் 49 மில்லிமீட்டர் வரை எட்டும். பருத்த டயரும் மட்கார்டும் வைக்கிற சைக்கிளுக்கு 47 முதல் 57 வரை எட்டுகிற வகை வேண்டும். பழைய சைக்கிளில் சக்கரம் மாற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கறுப்பு சைக்கிளின் 28 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், பழைய 27 அங்குல ரேஸ் சைக்கிளில் 630, இன்றைய 700 சி-யில் 622. 27 போய் 700 சி வந்தால் ரிம் 4 மில்லிமீட்டர் உள்ளே போகும். முன்பு சரியாகப் பிடித்த கட்டை இப்போது டயரை அறுக்கும். கட்டையைக் கீழே இறக்க இடமில்லை என்றால் நீள எட்டு கேலிப்பர் வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஃபோர்க்கில் கேலிப்பருக்கான துளை இல்லாமல், இரு கால்களிலும் வி பிரேக் திருகும் முளைகள் மட்டும் இருந்தால்? வளைந்த ஹேண்டில் ஆசையை விட வேண்டியதில்லை. அந்த முளைகளில் கேன்டிலீவர் பிரேக் மாட்டலாம். வி பிரேக் வருவதற்கு முன்பே சாலை லீவர்களோடு அது ஓடிக்கொண்டிருந்தது. அல்லது கை குட்டையான மினி வி பிரேக் மாட்டலாம், கட்டைக்கும் டயருக்கும் மேலே இடம் குறைவு என்பதையும் மட்கார்டு கஷ்டம் என்பதையும் ஏற்றுக்கொண்டு. சாலை லீவரின் இழுப்பை இரட்டிப்பாக்கும் சிறு கப்பியும் உண்டு. ஆனால் ஒயர் அதில் கூர்மையாக வளைந்து ஓடுவதால் உப்புக்காற்று அடிக்கும் கடற்கரைச் சாலைகளில் அடிக்கடி மாற்ற நேரும். என் தேர்வு கேன்டிலீவர்தான்.

"டிஸ்க் பிரேக் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லையே" என்பார்கள். மழையில் டிஸ்க் மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபிரேமில் அதற்கான இடம் இல்லாவிட்டால் மாட்ட முடியாது. ஒயரில் ஓடும் டிஸ்க் பிரேக்குகளிலும் சாலை லீவருக்கு ஒன்று, வி லீவருக்கு ஒன்று என்று இரண்டு இழுப்புகள் இருக்கின்றன, ஏவிட் பி.பி.7 இரண்டு வகையிலும் வந்தது. எண்ணெயில் ஓடும் டிஸ்க்கில்தான் ஒயர் கணக்கு முடிகிறது; அங்கும் லீவரும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று செய்யப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

பிரேக் மாற்றப் போகிறவர் கடைக்குப் போகும்முன் மூன்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: லீவரின் மாடல் எண், துளையிலிருந்து ரிம் வரை உள்ள தூரம், ரிம்மின் அளவு. சாலை லீவருக்கான ஒயரின் குண்டு பேரிக்காய் வடிவில் இருக்கும், நேர் ஹேண்டில் லீவருக்கானது சிறு உருளையாக இருக்கும். ஒன்றை மற்றதில் அரம் போட்டுச் சொருக விடாதீர்கள். பிரேக்குக்கு கியர் ஒயரின் உறையைப் போட அனுமதிக்காதீர்கள். பிரேக்கின் இழுப்பைத் தாங்காமல் அது வெடித்துவிடும். மாட்டி முடித்ததும் லீவரை நிற்கிற வண்டியில் அழுத்திப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். வண்டியை ஒரு சிறு இறக்கத்தில் ஓட்டி, ரிம்மில் தண்ணீர் ஊற்றி, இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். நிற்கவில்லை என்றால், லீவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அந்த ஜோடியைக் கழற்றச் சொல்லுங்கள்.