ரிப்போர்ட் சொல்லும் முன்னே

ஒரகடத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரே கேள்வி: ரத்தத்தில் எச்.ஐ.வி. தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் அதை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை எதற்கு? நியாயமான கேள்விதான். வைரல் லோடு பரிசோதனை, ரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே எண்ணும். நோய் எதிர்ப்பு அணுவான சிடி4 செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தன் மரபணுவைச் செருகிவிட்டு நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கும் வைரஸ் அதில் அகப்படாது. மாத்திரையும் அதைத் தொடுவதில்லை; பெருகாமல் தடுக்கிறது, அவ்வளவே. அந்தச் செல்கள் பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும் என்பது கணக்கு.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வைரஸ் திரும்பிவிடும். எனக்கு வியப்பு அதற்கு முந்தைய நாட்களில்தான். தாய்லாந்தில், தொற்றிய சில நாட்களிலேயே சிகிச்சை தொடங்கிய சிலர், மருத்துவர்களின் நெருக்கமான கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினார்கள். அவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, பரிசோதனையில் வைரஸ் தென்படும் முன்பே பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல்கள் அதை மோப்பம் பிடித்துவிட்டதாகக் காட்டியது. வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத இனம் அது. ஆனால் வைரஸின் ஆர்.என்.ஏ. உள்ளே வந்ததும், மற்ற செல்களைவிடப் பல மடங்கு இன்டர்ஃபெரானைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். உடம்பே இப்படி எச்சரிக்கும்போது பயமென்ன என்று கேட்கலாம். அந்த எச்சரிக்கை ஆளுக்குத் தெரியாது. காய்ச்சல்கூட வராமல் போகலாம். உஷாரான சிடி4 செல்லோ எச்.ஐ.வி.க்கு இன்னும் வசதியான இரை. பிரான்ஸில் 14 பேர் மாத்திரையை நிறுத்தியும் நெடுநாள் வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்தார்களே என்றால், உண்மைதான். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர், யார் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் போதுமா என்று 5,472 பேரிடம் சோதித்த ஸ்மார்ட் ஆய்வை 2006இல் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. இடைவெளி விட்டவர்களிடம் மரணம் மட்டுமல்ல, இதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களும் கூடியிருந்தன.

தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் 2004இலேயே மாத்திரை இலவசமாகிவிட்டது. ஆகவே அருகே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒருவர் மாத்திரையை விட்டால் காசு காரணமாக இருக்காது. மாத்திரை வாங்க லீவு போட்டால் காரணம் கேட்பார்கள், சொன்னால் கான்ட்ராக்ட் போய்விடும் என்ற பயம்தான் பெரிது. அந்தப் பயத்துக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, வேலைக்குச் சேர்க்க இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது; தொற்றைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்யக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கவும் வேண்டும். அவர் யார் என்று இங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடிதம் எழுதியவருக்கு ஒன்று: உடல்நிலை சீராக இருப்பவர்களுக்குச் சில மாத மாத்திரையைச் சேர்த்தே தரும் ஏற்பாடு ஏ.ஆர்.டி. மையங்களில் உண்டு. அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.