எலும்பைக் கரைக்கும் செல்கள்

எலும்பு பார்க்கக் கல் போல் இருக்கும். ஆனால் அதற்கு உயிர் உண்டு. உளுத்த சுவரை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம் அல்லவா? எலும்பிலும் இதே வேலை நடக்கிறது. வளர்ந்தவர் எலும்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகிறது.

இடிக்கும் வேலைக்கென்றே சில செல்கள் உண்டு. அவை எங்கே பிறக்கின்றன? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். இரத்தச் செல்களும் அங்கேதான் பிறக்கின்றன. பல சிறு செல்கள் ஒன்று சேர்ந்து, எலும்பைக் கரைக்கும் ஒரு பெரிய செல் ஆகிறது.

அவை தாமாகச் சேர்வதில்லை. மஜ்ஜையில் தாங்கு செல்கள் உள்ளன. அவை தொட்டுத் தூண்ட வேண்டும். ஜப்பான் விஞ்ஞானிகள் 1988, 1989 ஆண்டுகளில் எலியின் செல்களை வளர்த்து இதைக் கண்டார்கள். தூண்டும் பொருள் ஒரு புரதம். அது 1998இல் தெரிய வந்தது. அதன் பெயர் ராங்க்-லிகண்ட். அதைத் தடுக்கும் புரதத்தையும் தாங்கு செல்களே தருகின்றன. முடுக்குவதும் அவையே. அடக்குவதும் அவையே.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அப்போது தூண்டுதல் மிகுகிறது. கட்டுவதைவிடக் கரைவது கூடுகிறது. எலும்பு மெலிகிறது. லேசாக வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியலாம்.

“வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடலாமா? கூடாது. ராங்க்-லிகண்டைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி 2010 முதல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவார்கள். மருத்துவரைக் கேட்காமல் இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரையும்.

கேழ்வரகு, பால், கீரை சாப்பிடுங்கள். வெயில் படும்படி தினமும் நடங்கள். எலும்பு உறுதிப்படும்.