முன்னோர் நடந்த வழியில் ஒரு வண்டிப் பிரயாணம்

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால், "இம்முறை எங்கே போவது?" என்னும் பேச்சு பொகவந்தலாவைப் பக்கத்துக் குடும்பங்களில் எழுவது வழக்கம். கதிர்காமம், திருக்கோணமலை, நுவரெலியா என்று ஊர்ப் பெயர்கள் அடிபடும். நாம் இன்று வேறொரு வழியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அது புதிய வழியன்று. நம்மிற் பலருடைய பாட்டன் பூட்டன்மார் கால்நடையாய் ஏறி வந்த வழி. தலைமன்னாரில் தொடங்கி, மன்னார், முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று மாத்தளையை அடையும் பழைய வடபாதையே அது. இன்றைய ஏ14, ஏ9 வீதிகள் பெரும்பாலும் அத்தடத்தை ஒட்டியே செல்கின்றன.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, தமிழகத்து ஏழை மக்கள் கங்காணியின் பின்னே கூட்டங்கூட்டமாய்க் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நடந்தார்கள். குடிக்க நல்ல நீரில்லை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்தம் எண்ணிக்கை குறித்து ஆராய்ச்சியாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1914இல் தலைமன்னாருக்குக் கோச்சியும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஏற்பட்டபின் அந்த நெடுநடை பழங்கதையாயிற்று.

அமெரிக்காவில் சிக்காகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் செல்லும் 66ஆம் இலக்கப் பெருந்தெரு என்று ஒன்று உண்டு. 1926இல் அமைந்த அத்தெருவிலே, 1930களில் வறட்சியால் நிலமிழந்த உழவர் குடும்பங்கள் மேற்கு நோக்கிப் பிழைப்புத் தேடிச் சென்றன. 1985இல் அது அரசாங்கப் பட்டியலினின்று நீக்கப்பட்டது. ஆயினும் படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டிகளில் மக்கள் அவ்வழியை விரும்பிச் சென்று பார்க்கிறார்கள். வறியோர் நடந்த பாதையும் வரலாறே என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் அது ஏன் கூடாது?

அத்தகைய வீட்டு வண்டிகள் உல்லாசப் பிரயாணிகளுக்காக இலங்கையிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் நாட்சம்பளக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைச் சாரதியுடன் அமர்த்திக்கொள்வதே உசிதம். சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதை முன்னரே பேசி முடித்துவிடுங்கள். பாதிவழியில் எழும் மனஸ்தாபங்களுக்கு இதுவே மூலகாரணம் என்பது நமது அனுபவம். பாய், தலையணை, பெரிய சட்டி, தண்ணீர்க் கலன் ஆகியன அவசியம். அடுப்பை வண்டிக்குள் மூட்டலாகாது. இறக்கி வைத்தே சமைக்கவேண்டும். இரவுத் தங்கலுக்குக் கோயில் மடத்தையோ விடுதியையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆகஸ்ட் 15ஆந் தேதி மடுமாதா திருவிழா; அதையொட்டிய நாட்களில் அப்பக்கம் இடம் கிடைப்பது அரிது. வன்னிக் காட்டு வீதியில் இருட்டிய பிறகு செல்வதும் நன்றன்று, யானைகள் குறுக்கிடும்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இப்பிரயாணத்தை இங்கிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டே போவது பிசகு. முதல் நாள் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கே புறப்பட்டு, எங்கும் அதிகம் தங்காமல் மன்னாரைச் சேர்ந்துவிடவேண்டும். மறுநாள் தலைமன்னார் இறங்குதுறையில் நின்று, வண்டியை மலையை நோக்கித் திருப்புங்கள். அவர்கள் வந்த திசையில் வந்தால்தான் அந்த வெயிலும் வறண்ட சமவெளியும், நெடுநேரத்துக்குப் பின் தெரியும் முதல் மலையும் பிள்ளைகளுக்குப் பொருள்படும்.

அத்துறையில் சற்று அதிக நேரம் நில்லுங்கள். வந்தவர்களின் வாசல் மட்டுமன்று அது. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் பங்கிடப்பட்ட நம் மக்கள் திரும்பிச் சென்ற வாசலும் அதுவே. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அன்று கணக்கிட்டார்கள். எஞ்சியோரின் கதி 1974இல்தான் முடிவாயிற்று. உறவினரை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலைநாட்டார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயரிட்டனர். 1980களில் கப்பல் நின்றது. போர்க்காலத்தில் இருப்புப்பாதையும் சிதைந்து, 2015இல்தான் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் கோச்சி வந்தது. அண்ணன் ஒரு கரை, தங்கை ஒரு கரையாய்ப் பிரிந்ததைக் கண்ணாற் கண்ட அப்பாயியோ அம்மாயியோ வீட்டில் இருந்தால், சிரமம் பாராமல் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். வண்டியின் முன்னாசனம் அவர்களுக்கு உரியது.

மன்னாரில் பெருக்கமரத்தையும், தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதீச்சரத்தையும் தரிசித்துவிட்டுப் புறப்படலாம். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆந் தேதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனியினர் ஆகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையை அடைந்தனர். அவர்களுக்குப் பதினாறு நாள் பிடித்த, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வழியை, நிற்காமல் விரட்டினால் வேன் ஒரு பகலுக்குள் விழுங்கிவிடும். ஆகையால், முருங்கனுக்கு அப்பால் ஓரிடத்தில், காலை வெயில் ஏறுமுன் எல்லோரும் இறங்கி ஒரு கிலோமீட்டராவது நடந்து பாருங்கள். மூன்றாம் நாள் தம்புள்ளையில் தங்கி, நான்காம் நாள் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் சந்நிதியில் தேங்காய் உடைக்கலாம். நடந்து வந்தோரில் அநேகர் தோட்டங்களுக்குப் பிரிந்தது மாத்தளையிலிருந்துதான்.

புறப்படுமுன் மாணவர்களுக்கு ஒரு வேலை. குடும்பத்துப் பழைய பத்திரங்களைப் பார்த்தும் முதியோரைக் கேட்டும், பூட்டனாரின் ஊர், தாலுகா, கங்காணியின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வழிநெடுகப் பெரியவர்கள் சொல்வதையும் அதிலேயே குறியுங்கள்.

மாத்தளையிலிருந்து கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் வழியாக ஏறி வரும்போது நோர்வூட்டில் இருட்டிவிடும். மன்னார் வெயிலுக்குப் பழகிய உடம்பு நடுங்கும். கம்பளிச் சட்டைகளைப் பெட்டியின் மேற்பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.