பின்னச்சின் ஓசை: பழைய மகிழுந்தின் டிஃபரன்ஷியலைக் கேட்டறிதலும் சரிசெய்தலும்

"எழுபதைத் தாண்டினா பின்னால ஊளை விடுது, அண்ணே. டிஃப் போயிருச்சு போல." சுங்கை சிப்புட்டில் என் மாமாவின் பட்டறையில் விடுமுறைக் காலங்களில் உதவி செய்யும்போது நான் பலமுறை கேட்ட வாசகம் இது. இப்படிச் சொல்லி வருபவர்களுள் ஒரு பகுதியினருக்கு டிஃபரன்ஷியலில் குறையே இராது. டயரோ சக்கரப் பேரிங்கோதான் ஓசை எழுப்பிக்கொண்டிருக்கும். ஊகத்தை நம்பிப் பின்னச்சைக் கழற்றினால் பணம் போகும். ஓசை மட்டும் போகாது. தோட்டத்திலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களுக்குப் பழைய மகிழுந்துதான் வேலைக்கும் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் துணை. ஆகவே இந்த ஓசையைச் சரியாக அறிவது நம்மவர்க்குப் பயன் தரும் என எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் தலைமுறையினருக்கு இவ்வோசை அவ்வளவாகப் பழக்கமில்லை. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கன்சிலும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றுக்கு முந்திய டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோல்லா கே.இ.70 முதலியவற்றில் இயந்திரம் முன்னால் இருக்கும், உந்துவதோ பின்சக்கரங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் இந்த அமைப்பு இன்றும் உண்டு.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.3 மீட்டர் எனக் கொள்வோம். ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சிறியதானாலும் பெரியதானாலும் இந்த வேறுபாடு மாறாது. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டே வரும். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதால்தான் இதற்கு இப்பெயர் வந்தது.

இயந்திரத்திலிருந்து நீண்ட தண்டு வழியாக வரும் சுழற்சி, 'பினியன்' எனும் சிறு பல்சக்கரத்தை அடைகிறது. அது 'கிரவுன்' எனும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பழைய கொரோல்லாவில் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்ற, பினியன் ஏறத்தாழ நான்கு சுற்றுச் சுற்றும். இவற்றின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. எண்ணெய் குறைந்தாலோ, பேரிங் தேய்ந்து பற்கள் பொருந்தும் இடம் மாறினாலோ ஊளை எழுகிறது.

முதல் வேலை கேட்பது

கருவியை எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். கோலகங்சார் நோக்கிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் வாகனம் குறைந்த காலை வேளை இதற்கு ஏற்றது. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பின்னிருக்கையில் அமர்ந்து கேட்பது நல்லது. கவனிக்க வேண்டியவை இவை:

1. சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் டயரைச் சந்தேகிக்க வேண்டும்.

2. ஒரே வேகத்தில் எண்ணெய் மிதியை அழுத்தியும் விட்டும் பார்க்க வேண்டும். அழுத்தும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் ஊளை மாறினால், கிரவுன், பினியன் பற்களையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். மிதியை விட்டால் மட்டும் ஊளை எழுந்தால், பினியன் பேரிங் தளர்ந்திருக்கக்கூடும்.

3. மிதி எப்படியிருந்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் உறுமல் பெரும்பாலும் சக்கரப் பேரிங்கினுடையது. வண்டி வளையும்போது ஒரு பக்கத்தில் அது கூடினால் சந்தேகம் வலுப்படும்.

4. நேராக ஓடும்போது அமைதி, திரும்பும்போது மட்டும் கடகடவென்ற ஓசை என்றால், டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்களையோ அச்சுப் பேரிங்கையோ பார்க்க வேண்டும்.

5. கியர் போட்டுக் கிளட்சை விடும்போது 'டக்' என்று ஒரே ஓர் அடி கேட்டால், முதலில் நீண்ட தண்டின் இணைப்புகளைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அதை மாற்றும் செலவு மிகக் குறைவு.

மூன்றாவது குறிப்பை அலட்சியம் செய்யலாகாது. இவ்வகைப் பழைய வண்டிகளில் பின்னச்சுத் தண்டை அதன் வெளிமுனைப் பேரிங்தான் பிடித்து வைத்திருக்கிறது. 'டிஃப் சத்தம்தானே' என்று அது சிதையும்வரை ஓட்டினால், சக்கரமே தண்டோடு வெளியே வந்துவிடக்கூடும். அதுபோல், எண்ணெயின்றிப் பினியன் பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால், ஓடும் வேகத்திலேயே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்.

எண்ணெயும் காற்றுத் துளையும்

சந்தேகம் டிஃபரன்ஷியல் மேல் விழுந்தால் முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் துளையின் திருகை முதலில் திறக்க வேண்டும். வடிக்கும் திருகை முதலில் திறந்து எண்ணெயை விட்டபின் ஊற்றும் திருகு அசையாவிட்டால் வண்டியை நகர்த்த முடியாது. எண்ணெய் துளையின் விளிம்புவரை நிற்க வேண்டும். கையேடு சொல்லும் ஜி.எல்.5 தரக் கியர் எண்ணெயையே ஊற்ற வேண்டும். இயந்திர எண்ணெய் இதற்கு உதவாது. வடித்த எண்ணெயில் சாம்பல் நிறப் பசை சிறிது இருப்பது இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. லாசா பக்கம் உட்புறச் சாலைகளில் ஆற்றைக் கடக்கும் வண்டிகளுக்கு இது நேரலாம்.

அச்சின் மேல் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. செம்மண் சேறு அதை அடைத்துவிட்டால், சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயை முத்திரை வளையங்கள் வழியே தள்ளும். வளையத்தை மாற்றியும் கசிவு நிற்காவிட்டால் இத்துளையைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

வண்டியை ஜாக்கில் மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. தாங்குகால்கள் வைத்து முன்சக்கரங்களுக்குத் தடை போட வேண்டும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டுக் கியரில் இயந்திரத்தை ஓடவிடுவது பேராபத்து. தரையில் நிற்கும் சக்கரம் வண்டியைத் தூக்கி எறிந்துவிடலாம்.

அச்சுத் தண்டுகளையும் நீண்ட தண்டையும் கழற்றியபின், கொரோல்லாவில் டிஃபரன்ஷியல் தொகுதி முழுதாக முன்பக்கம் வெளியே வரும். பிரிப்பதற்கு முன் இருபக்கப் பேரிங் மூடிகளிலும் இடம், வலம் எனக் குறியிட வேண்டும். அவை இடம் மாறக்கூடாது. பிறகு பற்களிடையே உள்ள அசைவை டயல் அளவியால் அளக்க வேண்டும். டொயோட்டா கையேடுகள் பலவற்றில் இது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர்வரை எனக் காணலாம்.

அடுத்து, கிரவுன் பற்கள் சிலவற்றில் குறிப்பசையைத் தடவிச் சற்றுத் தடைகொடுத்துச் சுழற்ற வேண்டும். பற்கள் உரசிய தடம் தெரியும். அது பல்லின் நடுவில் இருக்க வேண்டும். உச்சிப்பக்கம் இருந்தால் பினியன் விலகியிருக்கிறது; அதன் பின்னுள்ள தகட்டைத் தடிமனாக்க வேண்டும். அடிப்பக்கம் இருந்தால் பினியன் மிக நெருங்கியிருக்கிறது. மெல்லிய தகடு வேண்டும். அசைவைத் திருத்த, ஒருபக்க நட்டைத் தளர்த்திய அளவே மறுபக்க நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் பேரிங்கின் இறுக்கம் மாறாமல் கிரவுன் மட்டும் நகரும்.

"பினியன் நட்டைக் கொஞ்சம் இறுக்கு, சத்தம் போயிரும்" என்போர் உண்டு. பல வண்டிகளில் அந்த நட்டின் பின்னே நசுங்கும் குழல் ஒன்று இருக்கிறது. அளவுக்கு மேல் நசுங்கினால் அது மீளாது. நட்டைத் திருப்பித் தளர்த்துவதாலும் பயனில்லை. புதிய குழல்தான் போட வேண்டும். அளவின்றி இறுக்கிய பேரிங் சூடேறி விரைவில் அழியும்.

சரிசெய்தும் தீராத ஓசை

தேய்ந்த பற்களை எந்தத் தகடும் புதிதாக்காது. பற்கள் சிதைந்திருந்தால் கிரவுனையும் பினியனையும் இணையாகவே மாற்ற வேண்டும்; அவை ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. பழைய உதிரிப்பாகக் கடையில் முழுத் தொகுதி வாங்கினால், பல் எண்ணிக்கை விகிதம் ஒன்றாக இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இல்லையேல் வேகமானி பொய் சொல்லும். எண்ணெய் சரியாக இருந்து, உலோகத் துண்டுகளும் இல்லாமல், பல ஆண்டுகளாக மாறாத மெல்லிய ஊளை மட்டும் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதும் அறிவுடைமையே. கூடிக்கொண்டே போகும் ஓசையைத்தான் உடனே கவனிக்க வேண்டும்.

ஊளை, உறுமல், முனகல், கடகட, டக் என ஓசைகளைப் பிரித்துச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பட்டறையில் மூத்தவர்கள் இச்சொற்களைக் கொண்டே குறையைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த அறிவு வாயிலிருந்து காதுக்கு வந்தது. அவர்கள் ஓய்வு பெறுமுன் நம்மில் சிலராவது அருகில் அமர்ந்து கேட்டு, தமிழிலேயே எழுதி வைப்போமாக. இனி யாரேனும் "டிஃப் போயிருச்சு" என்றால், "எண்ணெய் மிதியை விட்டா சத்தம் மாறுதா?" என்று முதலில் கேளுங்கள்.